மணிமேகலை செய்த குற்றம் என்ன?

பாளையம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு தாள்கள்; இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். பெயரைப் போட்டுவிட வேண்டாம் என்று கடைசி வரியில் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை, அம்மா, கவலைப்படாதீர்கள்! ஊர்ப் பெயரைச் சொல்வதில் மட்டும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் என்றும் சேர்த்துப் போடுங்கள், அப்போதுதான் தெரியும்" என்று அவரே குறிப்பும் கொடுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். மணிரத்னம் எடுத்த 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் 2023-ல் வந்தபோது, குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரு கேள்வி போட்டார்: "ஏம்மா, மணிமேகலையைக் காணோமே? அவளை எங்கே விட்டுட்டாங்க?"

மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. சிறு வயதில், பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுப் புத்தகமாக அந்தக் கதையைப் படித்தவர். நம் சகோதரியோ கதையைப் படித்தவர் இல்லை. யார் அந்த மணிமேகலை என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் ஐந்து பாகங்களையும் வாங்கிவந்து, சமையலும் துணி துவைப்பும் முடிந்த வேளைகளில் படித்து, நாலு மாதத்தில் முடித்துவிட்டார். கடைசி அத்தியாயத்தை முடித்த அன்று அவர் அழுத அழுகையில்தான் வம்பு ஆரம்பித்தது.

மாமியார் சொன்னார்: "அவ புண்ணியவதி. கடைசியிலே அவன் மடியிலேயாவது உசிரு போச்சே!"

மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்திருந்த மகள் சொன்னாள்: "என்னம்மா இது! அவன்தான் திரும்பியே பார்க்கலையே? விட்டுட்டுப் போக வேண்டியதுதானே! இதுக்குப் போய் உயிரை விடுவாங்களா? லூசு!"

விசைத்தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த கணவர், "கதைக்கா அழறே?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

கதைக்குத்தான் அழுதாரா? அந்தக் கேள்விக்கு உரிய பதிலைக் கடிதத்தின் மூன்றாவது தாளில் எழுதியிருக்கிறார். பத்தொன்பது வயதில் அவரும் ஒருவரை இரண்டு வருஷம் மனத்தில் வைத்திருந்தார். அந்த மனிதருக்கு இது தெரியவே தெரியாது. அவர் வேலை கிடைத்து வெளியூர் போனார். இவருக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல கணவர், நல்ல குழந்தைகள். ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷமாக இதை ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. இப்போது கேட்கிறார்: கல்கி மணிமேகலைக்கு நியாயம் செய்தாரா? என் மகள் சொல்வதுபோல் அவள் வெறும் முட்டாளா? புருஷன், பிள்ளைகள் என்று ஆன பிறகு நான் அவளுக்காக அழுதது தப்பா?

மூன்று கேள்விகள். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

படத்தை மட்டும் பார்த்த வாசகிகளுக்காக முதலில் இரண்டு வார்த்தை. மணிமேகலை கடம்பூர்ச் சம்புவரையரின் செல்ல மகள். அவள் அண்ணன் கந்தமாறன், வந்தியத்தேவனின் சிநேகிதன். அண்ணன் வாய் ஓயாமல் சிநேகிதனைப் புகழ்ந்து பேசப் பேச, பார்க்காத அந்த வாலிபனிடம் அவள் மனத்தைக் கொடுத்துவிட்டாள். பிறகு அண்ணனுடைய எண்ணம் மாறிவிட்டது. முதலில் மதுராந்தகனுக்கும், அப்புறம் ஆதித்த கரிகாலனுக்கும் தங்கையைக் கட்டிக்கொடுத்து ராணியாக்க வேண்டும் என்று பார்த்தான். தங்கையின் மனம் மாறவில்லை. ஒருநாள் கண்ணாடி முன் நிற்கும்போது அந்த முகமே கண்ணாடியில் தெரிகிறது. வந்தியத்தேவனோ அதற்குள் குந்தவைப் பிராட்டியைப் பார்த்துவிட்டான். அவன் மனத்தில் வேறு ஒருத்திக்கு இடமில்லை. கரிகாலன் கொலையுண்ட பிறகு பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. அப்போது, "நான்தான் கொன்றேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள முன்வருகிறாள் இந்தப் பெண். பிறகு, அண்ணனாலேயே அவன் கொல்லப்பட்டான் என்று நம்பிச் சித்தம் கலங்குகிறாள். கடைசியில் வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் பிரிகிறது.

ஐந்து பாகக் கதையை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டிய படத்தில் மணிமேகலைக்கு இடம் கிடைக்கவில்லை. படம் எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளை எடுத்துவிட்டாலும் கதை நடக்கும். அங்கேதான் விஷயம் இருக்கிறது!

முதல் கேள்வி: கல்கி நியாயம் செய்தாரா?

வந்தியத்தேவனுக்கு மணிமேகலையைக் கட்டிவைக்கக் கல்கி நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராஜராஜனின் தமக்கையான குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று அது சொல்கிறது. கல்லில் வெட்டிய கல்யாணத்தைக் காகிதத்தில் மாற்ற முடியுமா?

ஆனால் மணிமேகலையைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. அவள் இல்லாமலே வந்தியத்தேவன் குந்தவையைக் கைப்பிடித்திருக்கலாம். வேண்டாத ஒரு பெண்ணை வேண்டுமென்றே படைத்து, 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த அந்தப் பெருங்கதையின் கடைசி அத்தியாயத்தையும் அவளுக்கே ஒதுக்கினார். 'மலர் உதிர்ந்தது' என்பது அதன் தலைப்பு. அத்தனை அரசர்கள், அத்தனை சதிகள், கடல் கடந்த போர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் சாவோடு முடித்தார். கதையில் வருகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சிங்காசனம் வேண்டும், ஒருவருக்குப் பழி தீர வேண்டும், ஒருவருக்குப் பதவி, ஒருவருக்குப் புகழ். எதையும் பிடுங்கிக்கொள்ள நினைக்காதவள் மணிமேகலை ஒருத்தி. அவளைக் கடைசியில் நிறுத்தியது கல்கி அவளுக்குச் செய்த மரியாதை என்றே நினைக்கிறேன்.

மரியாதை சரி, நியாயமா? சகோதரியின் வருத்தம் அதுதான். அந்தக் காலத்துக் கதைகளில், நினைத்தவன் கிடைக்காத பெண்ணுக்கு மூன்று வழிதான் வைத்திருந்தார்கள்: தெய்வ சந்நிதி, சித்தப்பிரமை, சாவு. 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமிக்கு ஏகாம்பரநாதர் சந்நிதி கிடைத்தது. மணிமேகலைக்கு மற்ற இரண்டும் கிடைத்தன. இது கொஞ்சம் கொடுமைதான். ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதே கதையில் கோடிக்கரையில் ஓர் ஓடக்காரப் பெண் இருக்கிறாள். பூங்குழலிக்கும் இதே நோய்தான். அவள் ஆசைப்பட்டது சாதாரண ஆளையா? இளவரசர் அருள்மொழிவர்மரை! கடலிலிருந்து அவரை மீட்டு, படகில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். தன் அத்தை, ஊமை மந்தாகினி, ஓர் அரசரை நினைத்து வாழ்க்கையைத் தொலைத்த கதையும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்டதா? கேட்கவில்லை. கொதித்தாள், பாடினாள், கோபித்தாள், புயலில் படகு ஓட்டினாள். அவளுக்காகவே ஓர் ஏழைப் பூக்காரன், சேந்தன் அமுதன், பொறுமையாகக் காத்திருந்தான். அவனுடையதும் ஒருதலைக் காதல்தான். ஆனால் ஒரு நாளும் அவளை நிர்ப்பந்தம் செய்யவில்லை. கடைசியில் ராணிப் பட்டம் வேண்டாம் என்று அந்தப் பூக்காரனையே அவள் தேர்ந்துகொள்கிறாள். அப்புறம் பார்த்தால், பூக்காரன்தான் சோழ சிங்காசனத்துக்கு உரிய உத்தம சோழன்! கல்கியின் குறும்பு அது.

ஆக, ஒரே கேள்விக்கு ஒரே கதையில் இரண்டு விடை. கிடைக்காததை நினைத்து உதிர்ந்தாள் ஒருத்தி. கிடைக்காததைக் கடந்து கரை சேர்ந்தாள் இன்னொருத்தி. படித்தவர்கள் யாரை விரும்பினார்கள்? கதையைப் படித்துவிட்டுப் பெண் குழந்தைகளுக்குக் குந்தவை, வானதி, பூங்குழலி என்று பெயர் வைத்த பெற்றோர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு பூங்குழலி இருக்கலாம். தாய்மார்கள் தங்கள் பெண்கள் யாரைப் போல் வாழ வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அழுவதற்கு ஒருத்தி, பெயர் வைப்பதற்கு ஒருத்தி. இரண்டு பேரும் வேண்டியிருக்கிறது.

சகோதரி, நீங்கள் எந்த வழியில் வந்தவர்? யோசித்துப் பாருங்கள். உங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை வரும், வரும் என்று அண்ணாந்து பார்த்து ஏமாந்த வருஷங்கள் உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரிசலில் பருத்தி போட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் மல்லிகை வைத்தார்கள். அதுவும் இல்லாதவர்கள் வீட்டில் தறி போட்டு நெய்தார்கள். பத்தொன்பது வயதில் பெய்யாத மழைக்காக நீங்களும் வாழ்க்கையைத் தரிசாகப் போடவில்லை. பூங்குழலி வழியில் வந்தவர்தான் நீங்கள். ஆனாலும் மணிமேகலைக்காக அழுகிறீர்கள்.

இரண்டாவது கேள்வி: மணிமேகலை முட்டாளா?

உங்கள் மகள்மேல் கோபப்படாதீர்கள். அவள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. திரும்பிப் பார்க்காதவனுக்காக உயிரை விடக் கூடாது என்று ஒரு பெண் துணிந்து சொல்கிறாள் என்றால், நாம் சந்தோஷப்பட வேண்டும்.

அவள் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கும். 'ஒருதலைக் காதல்' என்ற வார்த்தையை உங்கள் தலைமுறை கதையிலும் பாட்டிலும் கேட்டது. இந்தக் காலத்துப் பெண்கள் அதை அதிகமாகப் பார்ப்பது பத்திரிகையின் குற்றச் செய்திகளில். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைத் துரத்தினான், மிரட்டினான், கத்தியை எடுத்தான், திராவகம் வீசினான் என்று எத்தனை செய்திகள்! மறுக்கிற பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் அவள் ஒருநாள் இசைவாள் என்று சினிமாவும் பல காலம் சொல்லிக்கொடுத்துவிட்டது. 2013-ல் சட்டத்தைத் திருத்தி, வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தொடர்ந்து பின்பற்றுவதைத் தனிக் குற்றமாக்கினார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றம்தான். கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற பெண்ணுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் கண்ணீர் வராது, பயம்தான் வரும்.

இந்த வித்தியாசத்தை நம் முன்னோர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தொல்காப்பியத்தில் காதலுக்குச் சொன்ன திணைகள் ஏழு. குறிஞ்சி, முல்லை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்தும் நடுவில் வருபவை. ஒத்த அன்புக்கு உரியவை. அவற்றுக்கு முன்னால் நிற்பது கைக்கிளை. அதுதான் ஒருதலைக் காதல். கடைசியில் நிற்பது பெருந்திணை. அளவு மீறிய ஆசையும், அந்த ஆசையினால் செய்கிற வலுக்கட்டாயமும் பெருந்திணைக்குப் போயின. ஒருதலையாக நேசிப்பதை ஒரு கோடியிலும், வலிந்து அடைய நினைப்பதை மறு கோடியிலும் வைத்தார்கள். நடுவில் ஐந்து திணைத் தூரம்! இன்றைய செய்தித்தாள்களில் ஒருதலைக் காதல் என்று அச்சாவதில் பாதிக்குமேல் கைக்கிளையே அல்ல.

மணிமேகலை என்ற பெயரிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. சாத்தனாரின் 'மணிமேகலை'க் காப்பியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணிமேகலை துறவு பூண்ட பெண். அவளை விரும்பியவன் சோழ இளவரசன் உதயகுமரன். பூப்பறிக்கப் போனால் பூங்காவுக்கு வருகிறான். பளிங்கு மண்டபத்தில் ஒளிந்தால் அங்கேயும் வந்து நிற்கிறான். அவள் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டாலும் விடவில்லை. கடைசியில், அவளைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் வாளால் வெட்ட, உதயகுமரன் மாண்டான். இளவரசன்தான், அழகன்தான். இருந்தும் அவன் முடிவைக் காப்பியம் ஒரு பாடமாகவே வைத்தது.

காப்பியத்து மணிமேகலை துரத்தப்பட்டவள். கல்கியின் மணிமேகலை நேசித்தவள். இவள் வந்தியத்தேவனைத் துரத்தினாளா? குந்தவையின்மேல் பொறாமைப்பட்டுச் சதி செய்தாளா? 'நான் இவ்வளவு நேசிக்கிறேனே, நீ எனக்குக் கடன்பட்டவன்' என்று கணக்குக் காட்டினாளா? ஒன்றும் இல்லை. அன்பு வைத்தாள், அவ்வளவுதான். அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் உயிரை விட்டது பரிதாபம். அன்பு வைத்தது குற்றமல்ல. உங்கள் மகளிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். புத்திசாலிப் பெண், புரிந்துகொள்வாள்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். அழுதது தப்பா?

உறையூரில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சங்க காலத்துப் புலவர். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்று பெயர். கோழி என்பது உறையூருக்கு இன்னொரு பெயர். போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழன்மீது அவர் பாடிய மூன்று பாட்டுக்கள் புறநானூற்றில் 83, 84, 85-ஆம் பாட்டுக்களாக இருக்கின்றன. மூன்றும் கைக்கிளை. அவன் பெரிய மல்லனை மல்யுத்தத்தில் வென்ற வீரன். இவர் அவனைத் தூரத்திலிருந்து பார்த்தவர். ஏக்கத்தில் உடம்பு மெலிந்து வளை கழல்கிறது. அதைத் தாய் கண்டுபிடித்துவிடுவாளே என்று அச்சம். ஓடிப்போய் அவனைத் தழுவிக்கொள்ளலாமென்றால், சபையில் இருக்கிறவர்கள் முன்னால் வெட்கம். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிக்கிறார். அந்தச் சோழன் பதில் சொன்னதாக ஒரு பாட்டும் இல்லை. ஆனால் நக்கண்ணையார் சொன்னது நிற்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக அதைப் படிக்கிறோம். தொகுத்த பெரியவர்கள், 'ஒரு பெண் இப்படிச் சொல்லலாமா?' என்று தள்ளிவிடவில்லை. அரசர்களின் வெற்றியும் கொடையும் இருக்கிற அதே நூலில் இவருடைய ஏக்கத்துக்கும் இடம் கொடுத்தார்கள்.

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் கதே என்ற இளைஞர், வேறொருவருக்கு நிச்சயமான ஷார்லெட் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அந்த வேதனையைக் கொண்டு 1774-ல் 'இளம் வெர்தரின் துயரங்கள்' என்ற நாவலை எழுதினார். கதாநாயகன் வெர்தர் ஏக்கம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஐரோப்பாவே பித்துப் பிடித்த மாதிரி அதைப் படித்தது. வாலிபர்கள் வெர்தரைப் போல் நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். அவனைப் போல் செத்தும்விடுவார்களோ என்று பயந்து லைப்ஸிக் நகரத்தில் புத்தகத்தைத் தடை செய்தார்கள். பயத்தில் அர்த்தம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதையில் வந்த வெர்தர் செத்துப்போனான். கதையை எழுதிய கதே 82 வயது வரை இருந்தார்! மனத்தில் இருந்ததை வெளியே சொன்னவர் அவர்.

கல்கியின் மணிமேகலைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. கடம்பூர் மாளிகையில் தோழிகளுக்குக் குறைவா, தாதிகளுக்குக் குறைவா? அண்ணனிடம் சொன்னாள், அவன் காதில் ராஜ சம்பந்தம் ஒன்றுதான் ஏறிற்று. நந்தினியிடம் மனத்தைத் திறந்தாள். நந்தினி அங்கே வந்த காரியமே வேறு. சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்ள ஒரு ஆள் இல்லை. பூங்குழலிக்கோ கடல் இருந்தது, படகு இருந்தது, பாட்டு இருந்தது. அவள் என்ன பேசினாலும் பொறுமையாகக் கேட்க ஒரு சேந்தன் அமுதன் இருந்தான். இரண்டு பெண்களுக்கும் வாய்த்த முடிவு வேறு வேறாகப் போனதற்குக் காரணம் தேடினால், இதைத்தான் நான் சொல்லுவேன்.

உங்களுக்கும் கேட்க ஆளில்லை, சகோதரி. இருபத்தாறு வருஷமாக இல்லை. நீங்கள் அழுதது அந்த மனிதருக்காக என்று நான் நினைக்கவில்லை. அவர் முகம் இப்போது உங்களுக்குச் சரியாக ஞாபகம்கூட இருக்காது. பத்தொன்பது வயதில், சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், இரவில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்ட ஒரு பெண் இருந்தாளே, அவளுக்காக அழுதீர்கள். அன்று அவளுக்காக ஒருவரும் அழவில்லை. இதில் உங்கள் கணவருக்குச் செய்த துரோகம் என்ன இருக்கிறது? அவருக்குக் கொடுக்க வேண்டியதில் எதையும் நீங்கள் குறைத்துக் கொடுத்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. அவரிடம் சொல்லியாக வேண்டுமா என்றால், அதுவும் கட்டாயமில்லை. சொல்லலாம் என்று உங்கள் மனத்துக்குப் பட்டால் சொல்லுங்கள், படாவிட்டால் இருக்கட்டும். எங்களிடம் நாலு தாள் எழுதிவிட்டீர்களே! பாரம் பாதி இறங்கியிருக்கும்.

இப்போது மற்ற வாசகிகளுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இந்த விஷயத்தை இரண்டு விதமாகத்தான் கையாளுகிறோம். பெரியவர்கள் அதைப் புண்ணியமாக்கிவிடுகிறார்கள், சிறியவர்கள் கேலியாக்கிவிடுகிறார்கள். புண்ணியம் என்று சொன்னால், பெண் உள்ளுக்குள்ளேயே வெந்து சாவது ஒரு பெருமை என்று ஆகிவிடும். கேலி செய்தால், அடுத்த முறை அவள் வாயைத் திறக்க மாட்டாள். இன்றைக்குச் சிரிக்கிற பெண்ணுக்கே நாளைக்கு மணிமேகலையின் நிலைமை வரலாம். அல்லது, உதயகுமரன் மாதிரி ஒருவன் அவளைப் பின்தொடர்ந்து வரலாம். பிள்ளைகளும் விலக்கல்ல, உங்கள் மகனே ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதைத் தாங்கமாட்டாமல் சாப்பிடாமல் படுத்துக் கிடக்கலாம். 'அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்' என்று அவனுக்கு முதலில் சொல்லவேண்டியவர் அவன் தாயார்.

அந்தச் சமயத்தில் அவர்கள் யாரிடம் வருவார்கள்? 'எவன்டி அவன்?' என்று எடுத்த எடுப்பிலேயே சீறினால் வரமாட்டார்கள். படிப்பை நிறுத்திவிடுவோம், போனைப் பிடுங்கிவிடுவோம் என்று மிரட்டினாலும் வரமாட்டார்கள். பின்தொடர்கிறவனைப் பற்றி வீட்டில் சொன்னால் தன் படிப்புத்தான் போகும் என்று பயந்து, சொல்லாமலே ஆபத்தில் போய் விழுகிற பெண்கள் உண்டு. யாராவது தொந்தரவு கொடுத்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. மனத்துயரம் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணில் பேசலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லிவையுங்கள். ஆனால் எந்த எண்ணுக்கும் முன்னால் அவர்கள் கூப்பிட வேண்டியது 'அம்மா' என்றுதான்.

நக்கண்ணையாருக்குச் சபையோரிடம் வெட்கம் இருந்தது. போகட்டும், அது உலகத்தோடு பிறந்தது. தாயிடமும் அச்சம் இருந்தது. அந்த அச்சத்தை மட்டுமாவது நம் வீடுகளில் இல்லாமல் செய்துவிட முடியாதா? 'கதைக்கா அழறே?' என்று இனி யாராவது கேட்டால், 'ஆமாம், உட்காருங்கள், கதையைச் சொல்கிறேன்' என்று ஆரம்பியுங்கள். பக்கத்தில் பெண்ணும் இருக்கட்டும், பிள்ளையும் இருக்கட்டும். மணிமேகலையின் கதையைக் கேட்டு முடித்த பிறகு, தங்கள் கதையைச் சொல்ல அவர்களுக்கும் தைரியம் வரும்.